ஊதிய வரியை இறுப்போர் யாவர்?

நமது கல்லூரியின் பழைய மாணவருட் சம்பளம் கொடுப்போரும் உளர். சம்பளம் வாங்குவோரும் உளர். கொழும்பிலும் வவுனியாவிலும் கடை நடத்துவோர், இலண்டனிலும் தொரன்ரோவிலும் வேலைக்கு ஆள் வைத்திருப்போர், அரசாங்கக் கந்தோரிலும் வைத்தியசாலையிலும் பணிபுரிவோர், பரீட்சை முடிந்ததும் முதல் வேலை தேடிப் புறப்படவிருக்கும் மாணவர் என்றித்திறத்தார் யாவர் கையிலும் இம்மலர் சேரும். இவர் அனைவரையும் ஒருங்கே தொடும் பொருளொன்றை எடுத்துப் பேசுதல் தகுமெனக் கருதி, ஊதியத்தின்மீது விதிக்கப்படும் அறவீடுகளைப் பற்றிச் சில கூற முற்படுகின்றேன். பொருளியல் ஆசிரியர் எழுதவேண்டியதைத் தமிழாசிரியர் எழுதுவது ஏன் என்பார்க்கு, வரியைப் பற்றிய பிழையான எண்ணங்களிற் பாதி சொற்களாற் பிறப்பன என்பதே என் விடை.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். இன்று ஊதியம் என்றாற் சம்பளம். திருக்குறளிலோ அச்சொல் ஆக்கம், பேறு, இலாபம் என்னும் பொருளில் வழங்குகின்றது. உழைப்புக்கு ஈடாகப் பெறுவதைக் குறிக்க வள்ளுவர் கையாண்ட சொல் கூலி. ஊழியர் என்னும் சொல்லின் வரலாறு இதனினும் சிந்திக்கத்தக்கது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக் குடிகளிற் சில வகுப்பினர் ஆண்டுதோறும் குறித்த சில நாள் கூலியின்றி அரசாங்கத்துக்கு உழைத்தல் வேண்டும். அதற்குப் பெயர் ஊழியம். பணமாக அன்றி உடலுழைப்பாக வாங்கப்பட்ட வரி அது. ஆங்கிலேயர் 1848இல் இயற்றிய தெருச் சட்டமும் வயதுவந்த ஆண்மகன் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்க, அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்டுக என்றது. இவ்வாறு உழைப்பையே வரியாக இறுத்தவனைச் சுட்டிய சொல், இன்று உழைப்பாளியின் முதுமைக்குப் பொருள் சேர்த்து வைக்கும் நிதியத்தின் பெயரிலே முன்னிற்கின்றது. அதுவே ஊழியர் சேமலாப நிதியம்.

இந்நிதியம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. அப்பொழுது தொழில் அமைச்சராயிருந்தவர் ரி. பி. இலங்கரத்தின. ஓய்வூதியம் அரசாங்க உத்தியோகத்தர்க்கே உரியதாயிருந்த நாட்டிலே, கடையிலும் தொழிற்சாலையிலும் தோட்டத்திலும் உழைப்பவனுக்கும் கடைசிக் காலத்துக்கு ஒரு கைம்முதல் வேண்டுமென எண்ணியது பெரும் நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. தொடக்கத்திற் சம்பளத்தில் நூற்றுக்கு 4 தொழிலாளியும், நூற்றுக்கு 6 தொழில் தருநரும் செலுத்தினர். 1971இல் அது முறையே 6 உம் 9 உம் ஆயிற்று. 1981இல் 8 உம் 12 உம் ஆயிற்று. 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தாற் பிறந்த ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குத் தொழில் தருநர் நூற்றுக்கு 3 செலுத்தும் கடமையும் அதே 1981இலே தொடங்கியது. ஆகவே நூற்றுக்கு 10 ஆகத் தொடங்கியது, இருபத்துமூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 23 ஆக வளர்ந்தது.

இக்கணக்கை ஓர் ஆளின் சம்பளத்தில் வைத்துப் பார்ப்போம். ஒருவனுக்கு மாதச் சம்பளம் 30,000 ரூபா எனக் கொள்க. அவன் பங்கு 2,400 ரூபா கழிக்கப்பட்டு, 27,600 ரூபா கையிற் சேரும். முதலாளியோ அவனது சம்பளம் 30,000 உடன் சேமலாப நிதிக்கு 3,600 உம் நம்பிக்கை நிதிக்கு 900 உம் சேர்த்து 34,500 ரூபா செலவிடுகின்றார். முதலாளி கொடுப்பதற்கும் தொழிலாளி பெறுவதற்கும் இடையே 6,900 ரூபா நிற்கின்றது. முதலாளி இவ்வாளுக்கெனச் செலவிடும் ஒவ்வோர் ஐந்து ரூபாவிலும் ஒரு ரூபா இடையிலே தங்குகின்றது எனலாம்.

இவ்விடத்தே சட்டம் ஒன்று சொல்லுகின்றது. சந்தை வேறொன்று சொல்லுகின்றது. 3,600 ரூபா முதலாளியின் பங்கு என்பது சட்டம். ஆனால் முதலாளி ஓர் ஆளை வேலைக்கு எடுக்குமுன் மனத்திற் போடும் கணக்கு 30,000 அன்று, 34,500. அந்த 34,500 ரூபாவுக்கு இவ்வாளின் உழைப்பு ஈடாகுமா என்பதே அவர் பார்ப்பது. நாளை அறவீடு நூற்றுக்கு 3 உயர்ந்தால் அந்த 900 ரூபா எங்கிருந்தோ வந்தாகவேண்டும். முதலாளியின் இலாபம் குறையலாம். பண்டத்தின் விலையேறி வாங்குவோர் தலையிற் பொறியலாம். அடுத்த சித்திரையிற் கொடுக்கவிருந்த சம்பள உயர்வு நின்றுபோகலாம். அல்லது நால்வர் செய்த வேலையை மூவர் செய்யலாம். இவற்றுள் எது நேருமென்பதைச் சட்டப் புத்தகத்திலே காண முடியாது. வரியை விட்டு விலகிச் செல்லும் ஆற்றல் யாருக்கு உண்டு என்பதே அதனைத் தீர்மானிக்கும். வேறு தொழில், வேறு ஊர், வேறு நாடு என ஒதுங்கக்கூடியவன் சுமையைத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். ஒதுங்க இடமில்லாதவன் தோளிலே அது இறங்கும். பொருளியலார் இதனை நெகிழ்ச்சி எனும் சொல்லாற் குறிப்பர். பெரும்பாலான தொழிலாளர் உழைக்காமல் இருத்தல் இயலாது. ஆதலின் முதலாளி பங்கு எனப் பெயர் பெற்றதிலும் பெரும்பகுதி காலப்போக்கில் அவர்கள் சம்பளத்திலிருந்தே வருகின்றது என்பது ஆராய்ந்தோர் பலரின் முடிபு.

தென்னமெரிக்காவின் இரு நாடுகள் இதற்குச் சான்று பகர்கின்றன. சிலி நாட்டில் 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓய்வூதிய முறை மாற்றப்பட்டபொழுது, முதலாளிமார் செலுத்திவந்த ஊதிய வரி பெரிதும் குறைக்கப்பட்டது. அதனால் வேலைவாய்ப்புப் பெருகுமெனப் பலர் எதிர்பார்த்தனர். ஜோனதன் குரூபர் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் தொழிற்சாலைகளின் கணக்குகளை ஆராய்ந்து 1997இல் வெளியிட்ட முடிபு வேறாயிருந்தது. வேலையாட்களின் தொகை குறிப்பிடத்தக்கதாக மாறவில்லை. குறைந்த வரி முழுவதும் சம்பள உயர்வாகத் தொழிலாளரிடம் போய்ச் சேர்ந்தது. அஃதாவது முன்னர் அவ்வரியை உண்மையில் இறுத்தவர் தொழிலாளரே. கொலம்பியாவிலோ 1993இன் சீர்திருத்தத்துக்குப்பின் ஊதிய வரி உயர்ந்தது. அங்கே சம்பளம் சிறிதளவே இறங்கியது; வேலைவாய்ப்பே அதிகம் இறங்கியது. வரியில் நூற்றுக்கு 10 உயர்வுக்கு வேலைவாய்ப்பு நூற்றுக்கு 4 முதல் 5 வரை வீழ்ந்ததென 2009இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகின்றது.

ஒரே வகை வரி இரு நாடுகளில் இருவேறு வழி சென்றது ஏன்? காரணம் இரண்டு காட்டுவர். முதலாவது, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். சம்பளம் ஏற்கெனவே சட்டம் விதித்த அடிமட்டத்தில் நின்றால், அதனைக் கீழிறக்கி வரியைச் சமன்செய்ய முதலாளியால் முடியாது. ஆளைக் குறைப்பது ஒன்றே வழி. இரண்டாவது, நம்பிக்கை. செலுத்தும் பணம் தனக்கே திரும்பி வருமெனத் தொழிலாளி உறுதியாக எண்ணினால், அதனைச் சம்பளத்தின் ஒரு கூறாகவே கொள்வான். கையிற் சிறிது குறைந்தாலும் முறையிடான். திரும்பி வராதென எண்ணினால் அவனுக்கு அது வெறும் வரியே. சேமலாப நிதி வரியா, சேமிப்பா என்று வாதிடுவோர் பலர். அதற்கு விடை சட்டத்தின் சொற்களில் இல்லை. வாங்குபவன் மனத்தில் உள்ளது.

இரண்டு காரணமும் நம் நாட்டுக்கு நேரே பொருந்துவன. தேசியக் குறைந்தபட்சச் சம்பளம் 2016இன் சட்டப்படி 10,000 ரூபாவாயிருந்து, 2021இல் 12,500 உம், 2024இல் 17,500 உம், 2025 ஏப்ரலில் 27,000 உம் ஆயிற்று. அடிமட்டம் உயர உயர அதனை ஒட்டி நிற்போர் தொகையும் பெருகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சிறு கடைகளிலும் வேலைத்தலங்களிலும் அவ்வடிமட்டத்தை அடுத்தே பலர் நிற்கின்றனர். இந்நிலையில் 12 வீதத்தை 15 வீதமாக்கினால் சிலியின் கதையன்று, கொலம்பியாவின் கதையே இங்கு நிகழுமென அஞ்சுகின்றேன். 1981இல் நிலைமை வேறு. 1980இல் விலைவாசி நூற்றுக்கு 26 அளவிலே ஏறியது. அத்தகைய காலத்தில் யாருடைய சம்பளத்தையும் வெட்டவேண்டியதில்லை. விலை ஏறும் அளவுக்குச் சம்பளத்தை ஏற்றாது விட்டாற் போதும். உயர்ந்த அறவீடு ஓசையின்றி உழைப்பாளியின் பக்கம் சாய்ந்துவிடும். ஆரவாரமின்றிச் சாய்ந்தமையாற் சாயவில்லை என்று கொள்ளுதல் தவறு.

இனிச் சட்டத்துக்கு வெளியே நடப்பதைக் காண்போம். நம்மூரிற் கூடுதலாகப் பேசவேண்டியது அதுவே. சட்டம் ஓர் ஆளை வேலைக்கு வைத்திருப்பவரையும் கட்டுப்படுத்துவது. துண்டுக்கணக்கில் ஆயிரத்துக்கு இவ்வளவு எனக் கூலி பெற்றுச் சுருட்டுச் சுற்றுவோனும் அதனுள் அடங்குவான். கடையிலே உண்டு உறங்கி வேலைசெய்யும் வழக்கம் நம் வணிகரிடையே நெடுங்காலம் நிலவியது. அவ்வாறு முதலாளி கொடுக்கும் உணவின் பெறுமதியையும் சம்பளத்தோடு கூட்டியே அறவீடு கணிக்கவேண்டும் எனச் சட்டம் தெளிவாகச் சொல்லுகின்றது. ஆயினும் மேலதிக நேரக் கொடுப்பனவு கணக்கிற் சேராது. ஆதலின் அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக எழுதி, மிகுதியை மேலதிக நேரமென்றும் ஊக்கப்படியென்றும் பிரித்தெழுதும் தந்திரம் தோன்றியது. அறவீடு உயருந்தோறும் இத்தந்திரத்தின் ஆதாயமும் உயரும். பணிக்கொடைச் சட்டம் 1983இல் வந்தபொழுது பதினைந்து பேரும் அதற்கு மேலும் உள்ள தொழிலகங்களுக்கே அதை விதித்தனர். பதினான்கு பேருடன் வளர்ச்சி நின்றுபோகும் தொழிலகத்தைக் கண்டால், அதன் காரணத்தைச் சந்தையில் மட்டும் தேடாது சட்டத்திலும் தேடல் வேண்டும்.

என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் சில ஆண்டுகளுக்குமுன் ஒரு கடையிற் கணக்கெழுதச் சேர்ந்தான். சேமலாப நிதிக்குப் பதியாவிட்டாற் சம்பளம் முழுவதையும் கையிலே தருவதாக முதலாளி சொன்னாராம். “சேர், மாதம் இரண்டாயிரத்து நானூறு ரூபாவை ஏன் சும்மா விடுவான்? காசு இப்பவே கையிலை வரட்டுமன்” என்றான். அவன் கண்டது 2,400 ரூபாவை மட்டும். முதலாளி செலுத்தாது தவிர்க்கும் 4,500 ரூபா அவன் கண்ணிற் படவில்லை. மாதம் 2,400 பெறுவதற்காக 6,900 ஐ விடுகின்றாய் என்று தாளில் எழுதிக் காட்டினேன். ஆண்டுக்கு 82,800 ரூபா. பத்தாண்டில், வட்டியைச் சேர்க்காமலே, 8,28,000 ரூபா. அவன் சற்றுநேரம் தாளைப் பார்த்திருந்துவிட்டு, “பதியச் சொல்லிக் கேட்டால் வேறை ஆளைப் பிடிப்பார் சேர்” என்றான். அவ்விடைக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஒதுங்க இடமில்லாதவன் தோளிலே சுமை இறங்கும் என்று மேலே எழுதியதன் பொருள் இதுதான். இம்மலரைப் படிக்கும் முதலாளிமார், தம் கடையிலே நிற்கும் இத்தகைய பிள்ளையை நினைத்துக்கொள்வார்களாக.

நம்பிக்கை பற்றியும் ஒளியாது பேசவேண்டும். 2022 செப்ரெம்பரிற் கொழும்பு விலைச்சுட்டெண்படி விலைவாசி ஓராண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 70 ஏறியிருந்தது. அவ்வாண்டுக்கு நிதியம் அறிவித்த வட்டி நூற்றுக்கு 9. முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்தவனின் பணத்தொகை குறையவில்லை. ஆனால் அதனால் வாங்கக்கூடிய அரிசியின் அளவு பெரிதும் குறைந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் சீரமைப்பின்போது, நிதியம் தன் கையிலிருந்த அரசாங்கப் பிணைமுறிகளைப் புதியனவாக மாற்றிக்கொண்டது. மாற்ற உடன்படாத நிதியங்களின் பிணைமுறி வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீத வரி என விதிக்கப்பட்டிருந்தமையின் வேறு வழி இருந்ததெனக் கூற முடியாது. இத்தகைய நிகழ்ச்சிகளின் பின்னர், அறவீட்டை உயர்த்துவோம் என எவரேனும் சொன்னால், தொழிலாளி அதனைச் சேமிப்பெனக் கொள்வானா, வரியெனக் கொள்வானா?

அரசாங்கம் சம்பளத்திலிருந்து நேரே எடுக்கும் வருமான வரி வேறு வகையது. இந்நாட்டில் வருமான வரி 1932இல் வந்தது. உழைக்கும்போதே செலுத்தும் வரி என மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கும் முறை 2020 சனவரி முதலாந் திகதியோடு நீக்கப்பட்டது; ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபா வரை வரியில்லை என்றும் ஆயிற்று. விளைவு, 2022இல் அரசிறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 8 இற்கும் கீழே சென்றது. பின்னர் 2023 சனவரியில் விலக்கெல்லை 12 இலட்சமாகக் குறைந்தது. விகிதம் 6 இல் தொடங்கி ஐந்து இலட்சத்துக்கு ஒருபடியாக 36 வரை ஏறியது. மாதம் 2 இலட்சம் பெற்றவர் முதல்நாள் வரை ஒரு சதமும் செலுத்தாதிருந்து, மறுமாதம் 10,500 ரூபா செலுத்தினார். 4 இலட்சம் பெற்றவரின் மாதவரி 9,000 இலிருந்து 70,500 ஆயிற்று. 2025 ஏப்ரலில் விலக்கெல்லை 18 இலட்சமாக உயர்த்தப்பட்டமையால் இவ்விருவரின் வரியும் முறையே 3,000, 50,000 எனக் குறைந்தது.

வரி வேண்டியதா என்றால், வேண்டியதே. 2020இல் அதனைக் கைவிட்டது முதற்பிழை. ஆனால் பிழையை ஒரே இரவில் திருத்த முனைந்ததும் பிழை. 2023 மார்ச் 15ஆந் திகதி நாடெங்கும் பல துறையினர் வேலைநிறுத்தம் செய்தனர். வைத்தியரும் பல்கலைக்கழக ஆசிரியரும் அவருள் அடங்குவர். 2022இலும் 2023இலும் நூற்றுக்கணக்கான வைத்தியர் நாட்டைவிட்டு நீங்கினர். ரூபாவின் வீழ்ச்சியும் மருந்துத் தட்டுப்பாடும் பிற இன்னல்களும் அதற்குக் காரணமாயின. வரி ஒன்றே காரணமென்று கூறேன். எனினும் ஒதுங்க வல்லவர் ஒதுங்கினர் என்பது மெய். அவர் விட்டுச்சென்ற சுமை யார்மேல் விழுந்தது? வைத்தியசாலையில் நிபுணரைக் காண மாதக்கணக்கிற் காத்திருக்கும் நோயாளிமேல் விழுந்தது. அந்நோயாளி வருமான வரி கட்டுபவர் அல்லர். அவ்வரியின் சுமையில் ஒரு பங்கை அவரும் இறுக்கின்றார்.

புறநானூற்று 184ஆம் பாட்டிலே பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு உரைத்த அறிவுரையை மாணவர் அறிவர். சிறு வயலின் நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால் யானைக்குப் பலநாள் உணவாகும். யானையே தனித்துப் புகுந்து மேய்ந்தால் நூறு வயலும் போதா, உண்பதினும் மிதித்து அழிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. இன்றைப் பொருளியலார் வரியின் மிகைச்சுமை என்று கூறுவதும் அம்மிதிபட்ட நெல்லையே. திறைசேரிக்கு வந்த பணத்தை மட்டும் எண்ணுவோர் யானையின் வாயைப் பார்க்கின்றனர். எடுக்கப்படாத ஆள், திறக்கப்படாத கடை, விமானமேறிய மருத்துவர் ஆகியோர் காலடியிற் கிடப்பவர்கள். அவர்களுக்கு எந்தக் கணக்கேட்டிலும் பக்கம் இல்லை.

பெயரால் மயங்குதற்கு இங்கே ஓர் எடுத்துக்காட்டு. 2022 ஒக்ரோபர் முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு என்பது, பெயரளவில் ஊதிய வரி போலத் தோன்றும். பிறநாடுகளில் அப்பெயருடையவை பெரும்பாலும் அவ்வாறே. இங்கே அது வியாபாரப் புரள்வின்மேல் விதிக்கப்படும் 2.5 வீத வரி. சம்பளத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

கடல்கடந்து வாழும் நம்மவர்க்காக இங்கிலாந்தின் செய்தியையும் சேர்க்கின்றேன். 2025 ஏப்ரலில் அந்நாட்டுத் தொழில் தருநர் செலுத்தும் தேசியக் காப்புறுதிப் பங்கு 13.8 வீதத்திலிருந்து 15 ஆயிற்று. பலர் இவ்வுயர்வையே பேசினர். அதனினும் வலியது, பங்கு தொடங்கும் எல்லை ஆண்டுக்கு 9,100 பவுணிலிருந்து 5,000 ஆக இறங்கியமை. ஆண்டுக்கு 50,000 பவுண் பெறும் ஒருவர்க்காக முதலாளி முன்னர் 5,644 பவுண் செலுத்தினார், பின்னர் 6,750. ஆண்டுக்கு 13,000 பவுண் பெறும் பகுதிநேரப் பணியாளர்க்காக முன்னர் 538; பின்னர் 1,200. முன்னதில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு கூடியது; பின்னதில் இருமடங்குக்கும் மேலாயிற்று. சிறுசம்பளக்காரரை வைத்திருப்பதே விலையேறிய செயலாகியது. சிறு தொழிலகங்களுக்குரிய கழிவு 5,000 பவுணிலிருந்து 10,500 ஆக உயர்த்தப்பட்டமையின், இரண்டொருவரை வைத்துக் கடை நடத்தும் நம்மவர் தப்பினர். இருபது பேரை வைத்திருப்போர் தப்பவில்லை. கனடாவிலும் ஓய்வூதியத் திட்டப் பங்கு 2018இல் இருந்த 4.95 இலிருந்து 2023இல் 5.95 ஆயிற்று, அங்கே ஆண்டுக்குச் சிறிதாக ஏற்றியமையால் அதிர்ச்சி பெரிதாகவில்லை.

இங்கிலாந்துக்கும் நமக்கும் இவ்விடயத்தில் ஒரு பழந்தொடர்பு உண்டு. நிக்கலஸ் கல்டோர் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் 1958இல், சேமலாப நிதிச் சட்டம் இயற்றப்பட்ட அதே ஆண்டில், இலங்கை அரசின் அழைப்பில் வந்து நேர்வரிகளைத் திருத்தும் வழி கூறினார். செலவின்மேல் வரி 1959இல் இங்கு வந்தது அவர் கருத்தின்படியே. அவரே பின்னர் தம் நாட்டு அரசுக்கு ஆலோசகராகி, 1966இல் ஊதிய வரியொன்றைப் புகுத்துதற்குக் காரணரானார். வேலைக்கு வைத்திருக்கும் ஆண் ஒருவர்க்கு வாரம் 25 சிலிங். தொழிற்சாலைகளுக்குத் திருப்பிக் கொடுக்கப்படும், கடைகளுக்கும் விடுதிகளுக்கும் திருப்பப்படாது. கடைகளிலிருந்து ஆட்களைத் தொழிற்சாலைக்குத் தள்ளுவதே நோக்கம். கடைக்காரர் கடுஞ்சினங் கொண்டனர். பெறுமதி சேர்த்த வரி 1973இல் வந்தபொழுது இது ஒழிந்தது.

இவ்வாண்டு பாடசாலையை விட்டு வேலைக்குச் செல்லும் மாணவர்க்குச் செயலளவிற் சில சொல்லவேண்டும். நியமனம் பெற்றவுடன் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குக. பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பிழையின்றிப் பதியப்பட்டனவா எனப் பார்க்க. ஒரு மாதத்துக்குரிய பணம் அடுத்த மாத முடிவுக்குள் செலுத்தப்படல் வேண்டும். சுணங்கினால் முதலாளிக்கு 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலறவீடு உண்டு. செலுத்தாத பணத்தை மீட்பது தொழிற் திணைக்களத்தின் கடமை. முறைப்பாட்டைத் தொழில் அலுவலகத்திற் கொடுக்கலாம். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் பணத்தைப் பெறலாம். நிலையாக வெளிநாடு செல்வோரும் ஓய்வூதியமுள்ள அரசாங்கப் பதவி ஏற்போரும் அதற்கு முன்னரே பெறலாம். 1995இன் இடப்பெயர்வோடு மூடிய கடைகளிலும் தொழிலகங்களிலும் வேலைசெய்த பழைய மாணவர் நம்மிடையே உளர். அவர் பெயரில் வைப்பிட்ட பணம் நிதியத்திலேயே இருக்கும்; பழைய முதலாளியின் பதிவிலக்கமும் தம் உறுப்பினர் இலக்கமும் தெரிந்தால் தேடுதல் எளிது. பழைய சம்பளத் துண்டு ஒன்று அகப்பட்டாலும் அவ்விரு இலக்கங்களும் அதிலே இருக்கக்கூடும்.